டி.டி.பி. சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு: ‘லேயர் 1’ பற்றி ஒரு திறந்த மடல்

டி.டி.பி. பயிற்சி மையங்களில் பாடம் எடுக்கும் சார்களுக்கும் மேடங்களுக்கும்,

வணக்கம். நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன். பிளேட்டுக்கு, அதாவது அச்சு மெஷினில் ஏற்றும் தகட்டுக்கு, போவதற்கு முன்னால் ஃபைல்களைத் திறந்து சரிபார்ப்பது என் வேலை. காலண்டர், டைரி அட்டை, பட்டாசுப் பெட்டி, ஊறுகாய் லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அனுப்புகிறவர்களில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்களிடம் மூன்று மாதமோ ஆறு மாதமோ படித்துவிட்டு வந்த பிள்ளைகள். அதனால்தான் இதை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் ஒரு ஃபைலைத் திறந்து டிசைன் மேல் ஒரு கிளிக் செய்கிறேன். கீழே ஸ்டேட்டஸ் பாரில் ஒரு வரி வருகிறது: ‘குரூப் ஆஃப் 214 ஆப்ஜெக்ட்ஸ் ஆன் லேயர் 1’. அதாவது 214 பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே லேயரில் வைத்திருக்கிறார்கள்; லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு. அன்குரூப் செய்கிறேன். உள்ளே இன்னொரு குரூப். அதைப் பிரித்தால் ஒரு பவர்கிளிப், அதாவது ஒரு வடிவத்துக்குள் மற்ற பொருள்களை அடைத்து வைத்தது. பவர்கிளிப்புக்குள் நுழைந்தால் அங்கே ஒரு குரூப், அதற்குள் மறுபடியும் ஒரு பவர்கிளிப். வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்துக்கொண்டே போக வேண்டும். கண்ணில் தண்ணீர் வருவதும் உண்டு. இத்தனைக்கும் நான் தேடுவது ஒரு பின்கோடு எண்ணின் கடைசி இலக்கத்தை.

கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப் மூன்றுமே புது ஃபைல் திறந்தால் ‘லேயர் 1’ என்று ஒன்றைக் கொடுக்கின்றன. எங்களுக்கு வரும் ஃபைல்களில் பெரும்பாலானவை அந்த ஒன்றோடு பிறந்து அந்த ஒன்றோடே பிளேட்டுக்கும் போய்ச் சேருகின்றன. பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? நானும் அப்படிக் கற்றவன்தான். என்வலப், பிளெண்ட், எக்ஸ்ட்ரூட், கான்டூர், லென்ஸ் எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லேயர்களை வரிசையாகக் காட்டும் ஆப்ஜெக்ட் மேனேஜர் என்று ஒரு பலகை இருப்பதை பிரஸ்ஸில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன், அதுவும் தற்செயலாக. புதிய பதிப்புகளில் அதற்கு வெறும் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ என்று பெயர். பெயர் மாறியும் யாரும் திறப்பதாகத் தெரியவில்லை.

ஒரு காலண்டர் கதை சொல்கிறேன். மூன்று வருடம் ஆகிறது. ஒரு மளிகைக் கடைக்காரர் ஆயிரம் தினசரி காலண்டர் கேட்டிருந்தார். டிசைன் வெளியூரில் ஒரு பையன் செய்தது. அட்டையில் மேலே சாமி படம், நடுவில் தேதித்தாள் கட்டு, அதற்குக் கீழே கடைப் பெயர், முகவரி, போன் நம்பர். தாள் கட்டு வேறு இடத்தில் தனியாக அச்சாகி வந்து, கடைசியில்தான் அட்டையில் பின் அடிக்கப்படும். ஆகவே அது எங்கே உட்காரும் என்று தெரிவதற்காக டிசைனில் ஒரு செவ்வகம் வரைந்து வைப்போம். கண்ணுக்கு மட்டும்; அச்சுக்குக் கிடையாது.

முதலில் அட்டை 12-க்கு 18 அங்குலம் என்று பேச்சு. தாள் கட்டு 4-க்கு 6. பையன் அதே அளவில் செவ்வகம் வரைந்து, அதன் கீழ் விளிம்பை ஒட்டினாற்போல் போன் நம்பரை வைத்திருந்தான். அதுவரை சரி. அப்புறம் கடைக்காரர் விலையைக் கேட்டுவிட்டு அட்டையை 10-க்கு 15 ஆக்கச் சொன்னார். விகிதம் மாறவில்லை, எளிய வேலை. பையன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க கன்ட்ரோல்+ஏ அடித்தான், குரூப் செய்ய கன்ட்ரோல்+ஜி அடித்தான், மூலையைப் பிடித்து உள்ளே இழுத்தான். திரையில் எல்லாம் கச்சிதம். சாமி சுருங்கினார், கடைப் பெயர் சுருங்கியது, செவ்வகமும் கூடவே 6 அங்குல உயரத்திலிருந்து 5 அங்குலத்துக்குச் சுருங்கியது. நிஜத்தில் தாள் கட்டு சுருங்குமா? அது அதே 6 அங்குலத்தில் எங்கோ ஒரு மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மேலே அரை அங்குலம், கீழே அரை அங்குலம் கூடுதலாக மறைக்கும். கீழே இருந்தது போன் நம்பர்.

அந்தச் செவ்வகத்தை பிளேட்டுக்கு முன் அழித்தது நான்தான். அழிக்கும்போது ஒரு தடவை அளந்திருக்கலாம். அளக்கவில்லை. அன்று வரிசையில் இன்னும் பதினேழு ஜாப் நின்றது என்பதெல்லாம் சமாதானம். பைண்டிங்கில் பின் அடிக்கிற அக்காதான் ஆறாவது ஏழாவது காலண்டரில் கவனித்து, ‘தம்பி, நம்பரே காணோமே’ என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டையை மறுபடி அடித்தோம். காசு யார் கொடுத்தது என்பதை விடுங்கள்.

அந்தச் செவ்வகம் தனி லேயரில், பூட்டு போட்டு, அச்சாகாதபடி பலகையில் அதன் பிரின்டர் குறியை அணைத்து வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கன்ட்ரோல்+ஏ அதைத் தொட்டே இருக்காது. டிசைன் சுருங்க, செவ்வகம் 6 அங்குலமாக நின்று போன் நம்பர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பையன் கண்ணில் அந்த நொடியே பட்டிருக்கும். லேயர் செய்யும் உபகாரம் இவ்வளவுதான். ஆனால் ஆயிரம் அட்டை மிச்சம்.

லேயர் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த சமாசாரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் பிரஸ்ஸில் ஃபிலிம் காலத்து மூத்தவர் ஒருவர் இருந்தார். கீழே விளக்கெரியும் கண்ணாடி மேசையில் ஃபிலிம்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மூலையில் இருக்கும் கூட்டல் குறிகளைப் பொருத்தி, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். படத்துக்கு ஒரு ஃபிலிம் செட், கடைப் பெயருக்குத் தனி ஃபிலிம். ஒரே முருகன் படம் நூறு கடைக்குப் போகும். மாறுவது கடைப் பெயர் ஃபிலிம் மட்டும். அதற்கும் முந்தி கல்லில் அச்சடித்தவர்கள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வைத்திருந்தார்கள். மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்து வைப்பது அச்சுத் தொழிலின் பழைய புத்தி. மென்பொருள்தான் தாமதமாகக் கற்றுக்கொண்டது: இல்லஸ்ட்ரேட்டர் 1987-இல் வந்தது, அதில் லேயர் வந்தது 1993-இல், ஐந்தாம் பதிப்பில். இடைப்பட்ட ஆறு வருடம் அதில் வேலை பார்த்தவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ. ஆனால் நம் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ஆறு வருடத்தில்தான் இருக்கிறார்கள்.

வகுப்பில் குரூப்புக்கும் லேயருக்கும் வித்தியாசம் கேட்டால் என்ன பதில் வருகிறது? என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘குரூப்னா சின்னது, லேயர்னா பெருசு சார்’ என்றான் ஒருவன். தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நான் சொல்லித்தருவது இப்படி: சேர்ந்து நகர வேண்டியவை குரூப். சேர்ந்து தெரிய, மறைய, பூட்டிக்கொள்ள, அச்சாக வேண்டியவை லேயர். கடையின் லோகோவும் அதன் கீழே உள்ள ‘தொடக்கம் 1974’ என்ற சின்ன எழுத்தும் எப்போதும் ஒன்றாக நகரும், அது குரூப். அந்த லோகோவும் முகவரியும் போன் நம்பரும் ஜி.எஸ்.டி. எண்ணும் ஒரே மாதிரி நகர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பார்ட்டிக்கு மாற்றும்போது எல்லாம் மொத்தமாகப் போக வேண்டும், அது லேயர். இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகள் கேட்கப் பழகினால் போதும்: ‘இதை யார், எப்போது, எதற்காகத் தொடுவார்கள்?’

அப்படியானால் ஒரு காலண்டர் அட்டைக்கு எத்தனை லேயர்? ஐந்து தாண்ட வேண்டாம். அடியில் பின்னணியும் படமும். அதன் மேல் பார்டர், மேகம், தாமரை என்கிற அலங்காரமெல்லாம். அதற்கும் மேல் கடை விவரம். உச்சியில் தாள் கட்டின் இடம், வெட்டு அளவு, துளை எங்கே என்கிற குறிப்புகள், அச்சாகாமல். தங்க ஃபாயிலோ யு.வி. பளபளப்புப் பூச்சோ உண்டென்றால் அதற்கு ஒன்று. அவ்வளவுதான். சில பேர் லேயர் என்றதும் குஷியாகி நாற்பது போட்டுவிடுகிறார்கள், ஒவ்வொரு தாமரை இதழுக்கும் ஒன்று. ஒரே லேயரில் வருகிற ஃபைலைவிட அது கொடுமை. எதைத் தொட்டாலும் ‘இந்த லேயர் பூட்டியிருக்கிறது’ என்று நிற்கும், சாவி எங்கே என்று தேடுவதற்குள் டீ ஆறிவிடும்.

பெயர் வைக்கும்போது ஒரு பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள். ‘சிவப்பு எழுத்து’, ‘பெரிய படம்’ என்று தோற்றத்தை வைத்துப் பெயர் வைக்கிறார்கள். பார்ட்டி மறுநாளே சிவப்பைப் பச்சையாக்கச் சொல்வார். அப்புறம் பச்சை எழுத்து ‘சிவப்பு எழுத்து’ லேயரில் கிடக்கும். வேலையை வைத்துப் பெயர் வைக்க வேண்டும்: ‘கடை விவரம்’, ‘சாமி படம்’, ‘வெட்டு’. தமிழிலோ ஆங்கிலத்திலோ, எதுவானாலும் எனக்குச் சம்மதம். ‘நியூ’, ‘நியூ நியூ’, ‘ஃபைனல்’ என்று லேயருக்குப் பெயர் வைக்கிறவர்களைப் பற்றி இங்கே பேச மாட்டேன், இரத்த அழுத்தம் இருக்கிறது.

இனி, இருக்கிற லேயரையும் ஒரே அடியில் தரைமட்டமாக்குகிற காரியம் ஒன்று உண்டு. இது தெரியாமல் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். ஐந்து லேயரில் ஒழுங்காக வேலை செய்து முடித்துவிட்டு, ‘எதுவும் நகர்ந்துவிடக் கூடாது’ என்ற நல்லெண்ணத்தில் கடைசியாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஜி அடிக்கிறார்கள். கோரல்டிராவிலும் சரி, இல்லஸ்ட்ரேட்டரிலும் சரி, ஒரு குரூப் ஒரே லேயரில்தான் இருக்க முடியும். வெவ்வேறு லேயரில் இருந்த பொருள்களை குரூப் செய்தால் அத்தனையும் ஒரே லேயருக்குக் குடிபெயர்ந்துவிடும். மற்ற லேயர்களின் பெயர் பலகையில் அப்படியே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பின்னால் அன்குரூப் செய்தாலும் அவை பழைய இடத்துக்குத் திரும்பிப் போகாது. ஊரைக் காலி செய்த பிறகு வாசலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிற வீடு மாதிரி சில ஃபைல்கள் எங்களுக்கு வருகின்றன. பார்த்ததும் தெரிந்துவிடும், இவன் கடைசி நிமிடத்தில் குரூப் அடித்தவன். நகராமல் இருக்க வேண்டுமென்றால் குரூப் எதற்கு, பூட்டு இருக்கிறதே.

இல்லஸ்ட்ரேட்டரில் இதே விபத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு ஃபைலிலிருந்து நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது எல்லாம் ஒரே லேயரில் வந்து விழும். லேயர் பலகையின் மெனுவில் ‘பேஸ்ட் ரிமெம்பர்ஸ் லேயர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு டிக் போட்டால் லேயர்களோடு வந்து ஒட்டும். ஒரு டிக். நான் இதைக் கண்டுபிடிக்க நாலு வருடம் எடுத்துக்கொண்டேன்.

குரூப்பைப் பிரிப்பதிலும் ஆபத்து உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் மொத்தக் குரூப்புக்கும் 50 சதவீத ஒளிபுகுதன்மையோ நிழலோ கொடுத்துவிட்டு, பிறகு யாராவது அதை அன்குரூப் செய்தால் அது போய்விடும். ஏனென்றால் அது குரூப்பின் சொத்து, உள்ளே இருப்பவர்களுடையது இல்லை. கூட்டுக் குடும்பம் பிரிந்தால் பொதுக் கிணறு யாருக்கு என்கிற கதைதான். வாடிக்கையாளர் ‘நேற்று மங்கலாக இருந்ததே, இன்று ஏன் பளிச்சென்று இருக்கிறது’ என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டியது நாங்கள். ஒரு எழுத்தை மாற்ற முழுக் குரூப்பைப் பிரிக்கத் தேவையே இல்லை என்று சொல்லிக்கொடுங்கள். கோரல்டிராவில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் குரூப்புக்குள் இருக்கும் தனிப் பொருள் பிடிபடும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்க்ஸ்கேப்பிலும் இரட்டைக் கிளிக் செய்தால் குரூப்புக்குள் நுழையலாம். வேலை முடிந்ததும் வெளியே வரலாம். சுவரை இடிக்காமல் கதவு வழியாகப் போவது.

கன்ட்ரோல்+எல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோரல்டிராவில். ‘கம்பைன்’. பார்வைக்கு குரூப் மாதிரியே இருக்கும், எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் அது குரூப் அல்ல. எல்லாப் பொருள்களும் உருகி ஒரே வளைகோடாகிவிடும், ஒரே நிறம் எடுத்துக்கொள்ளும், ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இடத்தில் ஓட்டை விழும். இதைப் பிரிக்க கன்ட்ரோல்+கே அடித்தால் அடுத்த கூத்து. கர்வ் செய்த, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய, தமிழ் எழுத்தில் வெளிக்கோடு ஒன்று, சுழிக்குள்ளே இருக்கும் ஓட்டைக்கு உள்கோடு ஒன்று. பிரித்ததும் உள்கோடு தனிப் பொருளாகி அதுவும் கறுப்பாக நிரம்பும். ‘அ’வின் சுழியும் ‘இ’யின் சுழியும் அடைபட்டு மை கொட்டிய மாதிரி நிற்கும். ‘அருள்மிகு’ என்ற சொல்லில் இதைப் பார்த்த ஒரு பெரியவர், ‘எழுத்துக்குக் கண் போச்சு’ என்றார். இன்றைக்கும் எங்கள் பிரஸ்ஸில் அதற்கு அதுதான் பெயர்: கண் போன ஃபைல்.

கர்வ் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ் ஃபைல்களில் லேயரின் தேவை மற்ற மொழிக்காரர்களுக்கு இருப்பதைவிட அதிகம். பாமினி, வானவில், செந்தமிழ் என்று பழைய எழுத்துருக்கள் இன்னும் ஊரெல்லாம் ஓடுகின்றன. அனுப்புகிறவரிடம் இருக்கும் எழுத்துரு எங்களிடம் இல்லையென்றால் ‘வாழ்க வளமுடன்’ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கும். அதனால் ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்று நாங்களே சொல்கிறோம். கர்வ் செய்தபின் அது எழுத்து கிடையாது, வெறும் வடிவம். ஒரு புள்ளி விட்டுப்போனதைச் சேர்க்க, இன்னொரு சொல்லிலிருந்து புள்ளியைக் கிள்ளிக் கொண்டுவந்து வைத்த நாட்கள் உண்டு. சிலர் கர்வ் ஆகாத மூல எழுத்தை ‘எழுத்து மூலம்’ என்று ஒரு லேயரில் அச்சாகாமல் மறைத்து வைத்து அனுப்புவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாளாவட்டத்தில் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள், எது சரி என்று தெரியாமல் போகும். மூலத்தைத் தனி ஃபைலாக வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் எங்கள் பிரஸ்ஸிலேயே இருக்கிறது.

மாதக் காலண்டர் செய்யும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக மாஸ்டர் லேயரைக் காட்டுங்கள். பன்னிரண்டு பக்கம், ஒவ்வொன்றிலும் கீழே கடைப் பெயர் பட்டை. வழக்கமாக நடப்பது என்ன? முதல் பக்கத்தில் செய்து, பன்னிரண்டு பக்கத்திலும் ஒட்டுவார்கள். பிறகு போன் நம்பர் மாறும். பதினோரு பக்கத்தில் மாற்றுவார்கள். ஆகஸ்டு மட்டும் பழைய நம்பரோடு தொங்கும், அதுவும் கடைக்காரருக்கு ஆகஸ்டில்தான் தெரியவரும். கோரல்டிராவில் மாஸ்டர் பக்கத்தில் ஒரு லேயர் போட்டு அதில் பட்டையை வைத்துவிட்டால், ஒரு இடத்தில் திருத்தினால் பன்னிரண்டும் மாறும். சொல்லித்தர பத்து நிமிடம். பாடத்திட்டத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு இன்னும் இரண்டு வாரம் ஒதுக்குகிற இடங்கள் உண்டே, அதன் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-இல். அந்த இரண்டு வாரத்தில் இந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் கிடைக்காதா?

பெட்டி வேலைக்கு வருகிறேன். பட்டாசுப் பெட்டியின் டை, அதாவது வெட்டும் கோடும் மடிக்கும் கோடும், டிசைனோடு ஒரே லேயரில், நாலு வண்ணக் கறுப்பில் வந்தால் பெட்டி முழுக்கக் கறுப்புக் கோடு அச்சாகும் அபாயம் இருக்கிறது. தனி லேயர், தனி ஸ்பாட் நிறம் (நாலு வண்ணத்தில் சேராத தனி மை), ஓவர்பிரின்ட் (கீழே உள்ளதை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாவது) என்று மூன்றும் வேண்டும். ஓவர்பிரின்டை விட்டுவிட்டால், டை கோடு தனக்குக் கீழே உள்ள படத்தில் ஒரு பள்ளம் தோண்டிக்கொள்ளும். பிளேட் எடுக்கும்போது டை நிறத்தைக் கழித்துவிடுவோம், பள்ளம் வெள்ளைக் கோடாக அப்படியே மிஞ்சும். ராக்கெட் படத்தின் குறுக்கே முடி அளவு வெள்ளைக் கோடு. கடைசியில் பி.டி.எஃப்.பாக அனுப்பும்போது லேயர் வேண்டுமா வேண்டாமா என்று பிரஸ்ஸைக் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பி.டி.எஃப். 1.5-இலிருந்துதான் லேயர் தங்கும், அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப். வகைகளில் எக்ஸ்-1ஏ கேட்டால் எல்லாம் தட்டையாகிவிடும், எக்ஸ்-4-இல் தங்கும்.

உங்களில் சிலர் இப்போது கேட்கலாம். ‘ஐயா, எங்கள் பிள்ளைகள் போகப்போவது ஃப்ளெக்ஸ் கடைக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு ஆள் வந்து நிற்பான். அங்கே லேயருக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் முதலாளி விரட்டிவிடுவார்.’ நியாயம். அந்த பேனருக்கு லேயர் வேண்டாம், நானே சொல்கிறேன். ஒரு நாள் நின்று மறுநாள் இறங்குகிற வேலைக்கு இரண்டு குரூப் போதும். ஆனால் அதே கடையில் காதணி விழா பேனர் வருகிறது. போன மாதம் ஒரு வீட்டுக்குச் செய்த அதே டிசைனில் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி இந்த மாதம் இன்னொரு வீட்டுக்கு. வருடத்தில் ஐம்பது தடவை. அங்கே லேயர் நேரத்தைத் தின்னாது, மிச்சம் பிடித்துக் கொடுக்கும். எது ஒரு நாள் வேலை, எது ஐம்பது நாள் வேலை என்று பிரித்துப் பார்க்கிற கண்ணைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

சொல்லித்தர ஒரு சுலப வழி தெரியும். இன்க்ஸ்கேப் இலவசம், உரிமத் தொல்லை கிடையாது, 2003-லிருந்து இருக்கிறது. அதில் பிள்ளைகளை ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வரைந்து, குரூப் செய்து, இரண்டு லேயர் போட்டு, லேயருக்குத் தமிழிலேயே பெயர் வைத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த எஸ்.வி.ஜி. ஃபைலை நோட்பேடில் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே வெறும் எழுத்துதான். குரூப் ஒரு ‘ஜி’ குறிக்குள் இருக்கும். லேயரைத் தேடினால் அதுவும் ஒரு ‘ஜி’ குறிதான்! பக்கத்தில் ‘குரூப்மோட்’ என்ற இடத்தில் ‘லேயர்’ என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருக்கும், அவ்வளவே. பிள்ளை வைத்த தமிழ்ப் பெயரும் அங்கே அப்படியே தெரியும். மென்பொருளுக்கு இரண்டும் ஒரே பெட்டிதான், ஒன்றின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்தச் சீட்டை எதற்காக ஒட்டுகிறோம் என்பது முழுக்க மனிதர் முடிவு. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இதைக் காட்டினேன். ஒரு நிமிடம் திரையையே பார்த்துவிட்டு, ‘அப்ப இது கம்ப்யூட்டருக்காக இல்ல, நமக்காகத்தான் சார்’ என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு லேயர் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் கோரிக்கை. ஒன்றே ஒன்றுதான். உங்கள் இறுதித் தேர்வை மாற்றுங்கள்.

இப்போது எப்படி நடக்கிறது? பிள்ளை ஒரு கல்யாணப் பத்திரிகை செய்கிறது, நீங்கள் பிரின்ட் எடுத்துப் பார்த்து மார்க் போடுகிறீர்கள். காகிதத்தில் ஒரு லேயரும் தெரியாது, அழகு மட்டும் தெரியும். அதனால் அழகுக்கே மார்க், அதனால் அழகையே படிக்கிறார்கள். அதற்குப் பதில், பத்திரிகை முடிந்ததும் எல்லோரையும் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அப்போதுதான் சொல்கிறீர்கள்: மண்டபம் மாறிவிட்டது. மாப்பிள்ளை பி.இ. இல்லை, எம்.இ. பிள்ளையார் படத்தை எடுத்துவிட்டுக் குலதெய்வம் படம் வையுங்கள். ஐந்து நிமிடம். நிஜத்தில் இதுதானே நடக்கிறது, பெண் வீட்டுப் பெரியப்பா பெயர் விட்டுப்போனது பிளேட் எடுத்த பிறகல்லவா தெரிய வருகிறது? ஐந்து நிமிடத்தில் திருத்தம் முடிந்துவிட்டால் மார்க். ஆனால் அந்த மார்க் திருத்தியவருக்கு இல்லை, ஃபைலைச் செய்தவருக்கு. இரண்டாவது தேர்வுக்குள் வகுப்பில் ஒருவரும் ‘லேயர் 1’-இல் எல்லாவற்றையும் கொட்டி வைக்க மாட்டார்கள். எங்கள் பிரஸ்ஸில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதை இரண்டு வருடமாகச் செய்து பார்க்கிறேன். முதல் நாள் சண்டை வரும், ‘என் ஃபைலை இவன் கெடுத்துட்டான் சார்’ என்று. வரட்டும்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிளேட் எடுப்பது, மெஷினில் ஏற்றுவது, பின் அடிப்பது எல்லாம் காட்டச் சொல்கிறேன், முதலாளியிடம் கேட்டுவிட்டேன். ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் வந்தால் நல்லது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் அப்புறம் டிசம்பர் வரை எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வரும்போது ஆளுக்கு ஒரு ஃபைல் பென்டிரைவில் எடுத்து வரட்டும். பின் அடிக்கிற அக்காவிடம் கொடுத்துத் திறக்கச் சொல்வோம். அவருக்குக் கோரல்டிரா தெரியாது. ஆனால் பலகையில் ‘கடை விவரம்’ என்று எழுதியிருந்தால் எதைத் தொட வேண்டும் என்று அவரால் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து,
பிளேட்டுக்கு முந்தைய மேசையில் உட்கார்ந்திருப்பவன்